பத்து பன்னிரண்டு பஸ்

12 ஜனவரி 2025, ஞாயிறு

இன்று என் வீட்டு ஹாலில் இருந்தவர்கள்: மகன் ஸ்ரீநாத், மருமகள் வைஷாலி, பேத்தி யாமினி, கொழுந்தனார் ரத்னவேல், பக்கத்து வீட்டுக் கமலா, வீடு விற்றுக் கொடுக்கும் ஏஜெண்ட் அழகேசன், நான். சுவரில் அவர், மாலையோடு. ஆக எட்டுப் பேர்.

பேரும் தேதியும் எழுதி வைப்பது என் பழக்கம். மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் எழுதி வைத்துவிட்டால் பிறகு எவரும் ‘நான் அப்படிச் சொல்லவில்லை’ என்று தப்ப முடியாது.

விஷயம் இதுதான். இந்த புக்கிட் பாஞ்சாங் வீட்டை விற்றுவிட்டு நான் கடல் தாண்டிப் பெர்த்தில் மகனோடு போய் இருக்க வேண்டும். நவம்பரில் குளியலறையில் விழுந்தேன், அதிலிருந்து இந்தப் பேச்சு.

ரத்னவேல் சொன்னது: “நாப்பது நிமிஷம் தரையில கெடந்தீங்க அண்ணி. கமலா வரலைன்னா என்ன ஆயிருக்கும்?” அது உண்மை. உண்மையைச் சொல்லியே ஆளை மடக்குவது அவருக்குக் கைவந்த வேலை.

அழகேசன் சொன்னது: “எம்ஆர்டி ஸ்டேஷன் பக்கம், எல்ஆர்டி ஸ்டேஷன் பக்கம், பஸ் இண்டர்சேஞ்ச் பக்கம். நல்ல விலை வரும்லா ஆன்ட்டி.” அவன் விற்பதற்குச் சொன்ன காரணம் ஒவ்வொன்றும் நான் இங்கே இருப்பதற்கான காரணம். அது அவனுக்குத் தெரியவில்லை.

ஸ்ரீநாத் சொன்னது: “இங்க ஒரு கார் எடுக்கற காசுல அங்க மூணு எடுக்கலாம்மா. வீட்ல ரெண்டு நிக்குது. எங்க வேணாலும் கூட்டிட்டுப் போவோம்.”

கூட்டிட்டுப் போவோம். நானாகப் போவதைப் பற்றி எவரும் வாய் திறக்கவில்லை.

வைஷாலி இரண்டு தடவை போனைப் பார்த்தாள். குறித்துக்கொண்டேன்.

அழகேசன் காகிதத்தில் எழுத அவர் பேரைக் கேட்டான். நான் சுவரைப் பார்த்தேன், ரத்னவேல்தான் சொன்னார். யாமினிக்குச் சிரிப்பு. “பாட்டி, தாத்தா பேரை நீங்க சொல்லவே மாட்டீங்களா?” தாலி ஏறிய நாளிலிருந்து சொன்னதில்லை, எழுதியதும் இல்லை. கோயில் அர்ச்சனைச் சீட்டுக்குக்கூட கமலாதான் சொல்வாள்.

பேனாவை என் முன்னால் வைத்தார்கள். மூடி போட்டுத் திருப்பி வைத்தேன். மூன்று மாதம் போய் இருந்து பார்க்கிறேன், பிடித்தால் கையெழுத்து என்றேன்.

21 ஜனவரி, செவ்வாய்

போன சனிக்கிழமை அவர்கள் விமானம் ஏறினார்கள். வீடு பழையபடி.

இன்று நான் போன வழி. எட்டரைக்குக் கீழே இறங்கினேன். ஃபஜாரில் எல்ஆர்டி என்கிற குட்டி ரயில். புக்கிட் பாஞ்சாங்கில் மாறி டவுன்டவுன் லைன் ரயில். இங்கிலீஷ் வாசிக்க வராது, கூட்டம் மறைத்தால் சுவரில் இருக்கும் தமிழும் தெரியாது. அதனால் விரல் மடக்கி எண்ணுவேன். பத்தாவது நிறுத்தம் லிட்டில் இந்தியா. அங்கே தேக்கா மார்க்கெட்டில் சுறா, கறிவேப்பிலை, வெற்றிலை. வீரமாகாளியம்மனுக்கு ஒரு கும்பிடு. திரும்பும்போது வேண்டுமென்றே 67-ம் நம்பர் பஸ்ஸில் வந்தேன், ஜன்னலோரம் உட்கார. கார்டைத் தட்டி ஏறினேன், தட்டி இறங்கினேன். மூன்றரை மணி நேரம். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை, யாரும் எனக்காகக் காத்திருக்கவில்லை.

அவர் முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவர். சோற்றில் கையை வைத்துக்கொண்டே நம்பர் நம்பராகச் சொல்வார். 812 ஈஷூன். 912 உட்லண்ட்ஸ். 170 ஜோகூர். “நாள் பூரா ஊரையே ஏத்தி எறக்கிட்டு வர்றேன்” என்பார், பெருமையாக. எனக்கு எழுத்தை விட நம்பர் நன்றாக வரும் என்றால் அது அவரால்தான். இருப்பதை இல்லை என்று சொல்லக்கூடாது.

5 பிப்ரவரி, புதன்

ஜோகூர் போய் தங்கை சாமுண்டீஸ்வரியிடம் பெர்த் போவதைச் சொல்லிவிட்டு வந்தேன்.

170 பஸ்ஸில் ஏறி, எல்லைச் சோதனைச்சாவடியில் இறங்கி, முத்திரை வாங்கி, மறுபடி ஏறி, லார்கின் பஸ் நிலையம். அதுவரை நான் ராணி. அங்கிருந்து தங்கை வீடு காரில் கால் மணி நேரம். பஸ் இருக்கிறதாம், எப்போது வரும் என்று எவருக்கும் தெரியாதாம். அவள் மகன் வேலை முடிந்து வந்து ஏற்றிக்கொள்ளும்வரை ஒன்றே முக்கால் மணி நேரம் பெஞ்சில்.

அவள் வாசலில் மூன்று கார் நிற்கிறது. “எனக்கு என்னக்கா குறை” என்றாள். தீபாவளிக்குப் பிறகு எங்கே போனாய் என்று கேட்டேன். யோசித்தாள். பல் டாக்டரிடம் போனேன் என்றாள்.

ஒரு பாலம்தான் நடுவில். இந்தப் பக்கம் கால் போதும், அந்தப் பக்கம் மகன் வேண்டும்.

11 பிப்ரவரி, செவ்வாய்

பெர்த். ஐந்து மணி நேரம் பறந்தும் கடிகாரத்தைத் திருப்ப வேண்டியதில்லை, இங்கேயும் அதே மணி. மற்றதெல்லாம் வேறு.

வீடு பெரியது. எனக்குத் தனி அறை, ஜன்னலுக்கு வெளியே எலுமிச்சை மரம். வாசல் கதவை யாரும் திறப்பதில்லை. கார் கொட்டகையின் கதவு தானாக மேலே போகிறது, கார் உள்ளே வருகிறது, கதவு இறங்குகிறது. மனிதர்கள் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

15 பிப்ரவரி

நாலு நாள். வெளியில் ஒரு மனுஷக் குரல் கேட்கவில்லை. தெருவில் நடப்பவர்கள் நாய்க்காக நடக்கிறார்கள்.

22 பிப்ரவரி, சனி

குறை மட்டும் எழுதினால் ஆண்டவனுக்கு அடுக்காது. காற்று நல்ல காற்று. ஹார்ன் சத்தம் கிடையாது. நடந்து போகிறவருக்காக கார்க்காரன் நின்று கையைக் காட்டுகிறான். நடக்கிறவர் இல்லாததால் தினமும் அந்த மரியாதை கிடைப்பதில்லை, அவ்வளவுதான்.

ஸ்ரீநாத் இரண்டு வாரம் சுரங்கத்தில், ஒரு வாரம் வீட்டில். வீட்டில் இருக்கும் வாரம் நகரத்து ஆபீசுக்கு ரயிலில் போகிறான். ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனான். ரயில் நன்றாக இருக்கிறது, நம் ரயிலுக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ரயிலடிக்குப் போகக் கார் வேண்டும். அங்கே பந்து விளையாடும் திடல் மாதிரி ஒரு இடம், முழுக்கக் கார். ஏழு மணிக்குள் போகாவிட்டால் நிறுத்த இடம் இல்லையாம். ரயிலுக்குப் போகக் கார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மற்றபடி எல்லாம் வைஷாலி. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். காலையில் யாமினியைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, வேலைக்குப் போய், திரும்பி அவளை எடுத்து, வயலின் வகுப்பில் விட்டு, காத்திருந்து, எடுத்து வருகிறாள். பச்சை மிளகாய் தீர்ந்துவிட்டது என்று புதனன்று சொன்னேன். சனிக்கிழமை பார்க்கலாம் அத்தை என்றாள். பச்சை மிளகாய்க்கு இருபத்தைந்து நிமிடம் கார் ஓட்ட வேண்டுமாம்.

இன்னொன்று. அவள் பிரேக் போடும்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் என் வலது காலும் தரையை அழுத்துகிறது. யாமினி பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

8 மார்ச், சனி

மணி நாலு இருபது. மறக்க மாட்டேன்.

வைஷாலி சமையலறையில் கோயம்புத்தூரில் இருக்கும் அவள் அக்காவிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். “அத்தை வந்ததுல இன்னொரு ஸ்டாப்பு கூடிப்போச்சுக்கா. ஏத்தி எறக்கறதுலயே என் பொழப்பு போகுது.”

ஏற்றி இறக்குவது சாமானை. நான் சாமானா? எழுபத்தோரு வயசில் மூட்டை ஆகிவிட்டேனா? புக்கிட் பாஞ்சாங்கில் எவன் என்னை ஏற்றினான், எவன் இறக்கினான்? நானே ஏறுவேன், நானே இறங்குவேன்டி.

துணியை மடித்து அவள் கட்டில் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

9 மார்ச்

எங்கேயும் போக வேண்டும் என்று இனிக் கேட்பதில்லை.

13 மார்ச், வியாழன்

இதையும் எழுதுகிறேன். அவள் வேலையிலிருந்து வந்ததும் உள்ளே வருவதில்லை. கொட்டகையில் காரை அணைத்துவிட்டு அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறாள். நேற்று பதினெட்டு நிமிடம், இன்று இருபத்திரண்டு. என் முகத்தில் விழிக்க அத்தனை கஷ்டம்.

17 மார்ச், திங்கள்

அவர் போனது பங்குனி அமாவாசை. பதினோரு வருஷமாக ஒரு வருஷம் தவறாமல் கோயிலில் அவர் பேருக்கு மோட்ச அர்ச்சனை செய்துவிட்டுத்தான் அன்று வாயில் தண்ணீர். இந்த வருஷம் 29-ம் தேதி சனிக்கிழமை. ஸ்ரீநாத் சுரங்கத்தில் இருப்பான். அவனிடம் போனில் சொன்னேன். “வைஷு கூட்டிட்டுப் போவாம்மா.” அப்பனுக்குத் திதி, அவனுக்கு அது வைஷு வேலை.

கேட்பதில்லை என்று எழுதியிருந்தாலும் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். கேட்டேன். “கண்டிப்பா போலாம் அத்தை. ஷிஃப்ட் மாத்திக்கறேன்” என்றாள்.

28 மார்ச், வெள்ளி

சாயங்காலம் வைஷாலி என் அறை வாசலில் வந்து நின்றாள். நாளைக்கு வர வேண்டிய ஒரு நர்ஸுக்கு உடம்பு சரியில்லை, பதிலுக்கு இவள் போயாக வேண்டும். “ஞாயித்துக்கெழமை போலாமா அத்தை?” சரி என்றேன். அமாவாசை என்ன பச்சை மிளகாயா?

அவள் போனதும் யாமினியிடம் கேட்டேன். கோயிலுக்கு பஸ் இருக்கிறதா? போனைத் தடவிப் பார்த்தாள். “இருக்கு பாட்டி. தெரு முனைல ஸ்டாப். டென் டுவெல்வ் பஸ் எடுத்தா நேரா லாஸ்ட் ஸ்டாப், அங்கேர்ந்து கொஞ்ச தூரம் நடக்கணும்.” பிறகு என்னைப் பார்த்தாள். “நீங்க தனியா போகப்போறீங்களா? அம்மா திட்டுவாங்க.” சும்மா கேட்டேன் என்றேன்.

டென் டுவெல்வ். பத்து பன்னிரண்டு. மனதில் போட்டுக்கொண்டேன்.

இருட்டுவதற்குள் தெரு முனைக்கு நடந்து பார்த்தேன். கம்பத்தில் ஒரு அட்டை, வெயிலில் வெளுத்துப் போனது. 712, 812, 912, 1012, 1112, இப்படி வரிசையாக நம்பர். அட, இங்கேயும் 812, 912 இருக்கிறதே! நாலு இலக்க நம்பர்கூட ஓடுகிறது, பெரிய ஊர்தான். 1012-ம் அட்டையில் இருக்கிறது. இத்தனை பஸ் வருகிற இடத்தில் என்னை இத்தனை நாள் வீட்டுக்குள் பூட்டி வைத்திருந்தார்களா? இருக்கட்டும்.

29 மார்ச், சனி. பங்குனி அமாவாசை.

நடந்ததை நடந்தபடி.

ஒன்பதரைக்கு வைஷாலியும் யாமினியும் கிளம்பினார்கள். குளித்து, நீலப் புடவை, பையில் தேங்காய், பழம், எலுமிச்சை. பத்து மணிக்கு நிறுத்தத்தில் இருந்தேன். பையைப் பெஞ்சில் வைத்து இடம் பிடித்தேன், பிடிக்க வேறு ஆளே இல்லை.

கொஞ்ச நேரத்தில் ஒரு பஸ் வந்தது. 246. நான் கை நீட்டவில்லை. அவனாகவே நின்றான். கதவைத் திறந்து என்னைப் பார்த்தான், தாடி வைத்த வெள்ளைக்காரப் பையன். நான் வேண்டாம் என்று கையை ஆட்டினேன். அவன் என்னமோ கேட்டான். “டென் டுவெல்வ்” என்றேன். மணியைக் காட்டித் தலையை ஆட்டினான், சிரித்தான். நானும் சிரித்தேன். கதவு மூடிக்கொண்டது.

பிறகு ஒன்றும் வரவில்லை. 812-ம் இல்லை, 912-ம் இல்லை.

ஒரு மணி நேரம் கழித்து அதே 246. இந்த டிரைவர் நிற்கவில்லை. வெயில் ஏறியது. நம் ஊர் மாதிரி கூரை கிடையாது, கம்பமும் பெஞ்சும்தான். மறுபடி ஒரு மணி நேரம் கழித்து அதே 246. பன்னிரண்டரைக்கு எனக்குக் காதில் இரைச்சல். தண்ணீர் குடிக்கவில்லை, அர்ச்சனை முடியாமல் குடிப்பதில்லை. அந்தத் தெருவில் இரண்டரை மணி நேரத்தில் எத்தனையோ கார் போயிற்று. ஒருத்தரும் என்னைப் பார்க்கவில்லை. பஸ் நிறுத்தத்தில் நிற்பவளை எதற்குப் பார்ப்பது, பஸ்ஸுக்கு நிற்கிறாள் என்றுதான் நினைத்திருப்பார்கள்.

திரும்பி நடந்தேன். பதினோரு நிமிட நடை, அரை மணி நேரம் ஆயிற்று. தேங்காயை அவர் படம் இல்லாத வீட்டில் எங்கே வைப்பது என்று தெரியாமல் அடுப்புப் பக்கம் வைத்தேன்.

யாமினி வந்ததும் கேட்டேன், உன் 1012 வரவே இல்லையே என்று. அவளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு வாயில் கையை வைத்தாள். “பாட்டி... அது நம்பர் இல்ல. டைம். பத்து மணி பன்னண்டு நிமிஷத்துக்கு வர்ற பஸ். ஒரே பஸ்தான் பாட்டி. டூ ஃபோர் சிக்ஸ்.” அட்டையில் இருந்தது எல்லாம் மணியாம். நடுவில் இருந்த புள்ளி வெயிலில் போய்விட்டதாம்.

நம் ஊர் நிறுத்தத்தில் கொட்டை எழுத்தில் பஸ் நம்பர்தான் இருக்கும். மணியைப் பார்த்து எவன் பஸ் ஏறினான்? வந்தால் ஏறு, விட்டால் அடுத்தது.

பஸ்ஸுக்காக வந்து, பஸ்ஸை நிறுத்தி, வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். முப்பத்தோரு வருஷம் பஸ் ஓட்டினவர் பெண்டாட்டி. அவருடைய திதி அன்றைக்கு.

யாமினி முதலில் சிரித்தாள், பிறகு அழுதாள். நான் இரண்டும் செய்யவில்லை.

30 மார்ச், ஞாயிறு

வைஷாலி நேற்று எல்லாம் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை திட்டவில்லை. உப்பும் சர்க்கரையும் போட்டுத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தாள். இன்று காலை ஏழுக்கே காரை எடுத்தாள். கோயில். சீட்டு எழுதும் இடத்தில் அவர் பேரை அவள்தான் சொன்னாள். ஒரு நாள் தள்ளி. போய்ச் சேருமோ சேராதோ.

திரும்பி வந்து கொட்டகைக் கதவு இறங்கியது. நான் இறங்கப் போனேன். அவள் இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி இருந்தாள்.

“அத்தை, எறங்கிக்கறீங்களா? நான் ஒரு அஞ்சு நிமிஷம் இருந்துட்டு வர்றேன்.”

முன்பு குவீன்ஸ்டவுனில் குடியிருந்தபோது அவர் ஷிஃப்ட் முடிந்து வந்தால் மாடிக்கு வர மாட்டார். கீழே படிக்கட்டில் உட்கார்ந்திருப்பார், கால் மணி, இருபது நிமிஷம். ஏன் என்று கேட்டால், “இப்பதான் என்னை யாரும் கூப்புடல” என்பார். இத்தனை நாள் அந்தக் கொட்டகையைப் பார்த்தும் எனக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகம் வரவில்லை. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன்.

இறங்கவில்லை. நீ போனில் பேசியதைக் கேட்டேன் என்றேன். அவள் மறைக்கவில்லை.

“தப்புதான் அத்தை. ஆனா இந்த வீட்டுக்கு நான்தான் பஸ்ஸு. மாமாவாவது டியூட்டி முடிஞ்சா வண்டியை டிப்போல விட்டுட்டு வந்தாரு.”

அப்புறம் கேட்டாள், “நீங்க ஏன் அத்தை கார் ஓட்டக் கத்துக்கல?”

எவரிடமும் சொல்லாததைச் சொன்னேன். இங்கேயும் எழுதுகிறேன்.

1984. எனக்கு முப்பது வயசு. ஆறாம் மாடி ஹுசைன் கார் ஓட்டச் சொல்லிக் கொடுப்பவர். என் வீட்டுக்காரர் காலை ஷிஃப்டுக்குப் போனபிறகு வாரம் ஒரு பாடம், பதினோரு பாடம். மேட்டில் நிறுத்தி, பின்னால் உருளாமல் எடுக்க வேண்டும். எல்லாருக்கும் கஷ்டம், எனக்கு முதல் தடவையே வந்தது. “அக்கா, உங்க காலுக்கு மூளை இருக்கு” என்றார் ஹுசைன். டெஸ்ட் தேதி கிடைத்தது: ஏப்ரல் 12, வியாழன். அதற்கு முந்தின நாள்தான் இவரிடம் சொன்னேன். சந்தோஷப்படுவார் என்று நினைத்தேன், அதுதான் என் முட்டாள்தனம். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். சாயங்காலம் வந்து சட்டையைக் கழற்றிக்கொண்டே சொன்னார், “வேணாம்னு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டேன். பஸ்ஸு வாசல்லயே வருது. ஒனக்கு எதுக்கு லைசென்ஸு?”

அடிக்கவில்லை, கத்தவில்லை. சோறு போடு என்றார். போட்டேன்.

வைஷாலி இறங்கி என் பக்கத்துக் கதவைத் திறந்தாள். “இந்தப் பக்கம் வாங்க.” என்னை ஸ்டீயரிங் பக்கம் உட்கார வைத்து, அவள் பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டாள். வண்டி அணைந்துதான் இருந்தது. கண்ணாடியைத் திருப்பினேன். சிக்னலைத் தட்டினேன். வலது கால் பிரேக்கில் தானாகப் போய் நின்றது. இடது கால் கிளட்சைத் தேடியது. இந்த வண்டியில் கிளட்சே கிடையாதாம்.

இருவரும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தோம். எங்களை யாரும் கூப்பிடவில்லை.

6 ஏப்ரல், ஞாயிறு

ஸ்ரீநாத் வந்திருக்கிறான். சாப்பாட்டு மேசையில் சொல்லிவிட்டேன். வீட்டை விற்கவில்லை, மே மாதம் கிளம்புகிறேன்.

பிடிவாதம் என்றான். “மறுபடி விழுந்தா அங்க யாரும்மா இருக்கா?”

“அங்க விழுந்து கெடந்தேன், நாப்பது நிமிஷத்துல கமலா வந்தா. இங்க நின்னுக்கிட்டு இருந்தேன், ரெண்டரை மணி நேரம். யாருடா வந்தா?”

அவன் வைஷாலியைப் பார்த்தான், அவள் எனக்கு எதிராகப் பேசுவாள் என்று. அவள் சொன்னாள், “அத்தை போகட்டும். இன்னொண்ணு. வீட்ல இருக்கற வாரம் யாமினிய நீங்க எடுங்க, நீங்க விடுங்க. நான் ஆஸ்பத்திரிக்கு பஸ்ல போறேன்.” டூ ஃபோர் சிக்ஸ் என்றாள் என்னைப் பார்த்து. யாமினிக்குப் புரையேறியது.

7 ஏப்ரல்

ரத்னவேல் போனில் அரை மணி நேரம். கேட்டுக்கொண்டே எலுமிச்சை ஊறுகாய் போட்டு முடித்தேன்.

10 மே, சனி

வீடு. கமலா நேற்றே கழுவித் துடைத்து வைத்திருக்கிறாள். அவருக்குப் புது மாலை போட்டேன்.

13 மே, செவ்வாய்

இன்று நடந்ததை வைஷாலிக்கு மட்டும் சொன்னேன். டவுன்டவுன் லைனில் ஏறி, விரல் மடக்கி எண்ணி, பத்தாவது நிறுத்தத்தில் இறங்கி மேலே வந்தால் தேக்காவைக் காணோம். நியூட்டன்! நான் இல்லாத நேரம் பார்த்து நடுவில் ஹ்யூம் என்று ஒரு ஸ்டேஷனைத் திறந்துவிட்டார்கள். இனி பதினொன்று எண்ண வேண்டும்.

மறுபடி கீழே இறங்கினேன். இரண்டு நிமிஷத்தில் அடுத்த ரயில். பிழை செய்தால் இரண்டு நிமிஷம், அவ்வளவுதான். போனில் வைஷாலி சிரித்த சிரிப்பு நிற்க நேரமாயிற்று.

22 மே

குளியலறையில் இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்தாயிற்று. ஒரு மணி நேர வேலை. இதற்கா வீட்டை விற்கச் சொன்னார்கள்?

தினமும் காலை எட்டு மணிக்கு வைஷாலிக்கு ஒரு போன் என்று ஏற்பாடு. ஸ்ரீநாத் வீட்டில் இருக்கும் வாரம் அவள் அப்போது பஸ்ஸில் இருப்பாள். கொஞ்சம் கண்ணை மூடிக்கொள்கிறேன் அத்தை என்று சில நாள் சீக்கிரம் வைத்துவிடுகிறாள். வைக்கட்டும்.

15 ஜூன், ஞாயிறு

பெர்த்தில் அவர்கள் பக்கம் புது ரயில் நிலையம் திறந்துவிட்டதாம். வைஷாலி வீட்டிலிருந்து நிலையம் வரை நடந்துகொண்டே படம் பிடித்து அனுப்பினாள். கார் எடுக்கவில்லை.

2 நவம்பர்

யாமினி பரீட்சை நடுவில் கூப்பிட்டாள். பதினாறு வயசு ஆகிவிட்டதால் கார் ஓட்டக் கற்கிறாளாம், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறானாம். மேட்டில் நிறுத்தி எடுக்கத் தெரியுமா என்று கேட்டேன். இப்போது வண்டியே பார்த்துக்கொள்ளும் பாட்டி என்றாள். இருந்தாலும் தெரிந்துகொள் என்றேன்.

18 மார்ச் 2026, புதன். பங்குனி அமாவாசை.

ஏழு மணிக்கு ஃபஜார். ஏழேகாலுக்கு டவுன்டவுன் லைன். பதினொன்று எண்ணினேன். கமலாவுக்கு மூட்டு வலி, வரவில்லை. தனியாகத்தான்.

சீட்டு எழுதும் இடத்தில் இருந்த பெண் யார் பேருக்கு என்று கேட்டாள். பின்னால் வரிசை நின்றது. கமலாவுக்குப் போன் போடலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். பிறகு நானே வாயைத் திறந்து சொன்னேன். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை, எழுதி நீட்டிவிட்டாள்.

அர்ச்சனை குறையில்லாமல் முடிந்தது. வெளியில் வந்து தண்ணீர் குடித்தேன். 67-ல் ஜன்னலோரம் வந்தேன். வழியெல்லாம் அன்றைக்கு ஹாலில் இருந்த எட்டுப் பேரையும் மன்னித்தாயிற்றா என்று ஒவ்வொருவராக நினைத்துப் பார்த்தேன். அழகேசன் தீபாவளிக்குக் காலண்டர் கொடுத்தான், தொலையட்டும். ரத்னவேல் என்னைப் பயமுறுத்தினாலும் பயந்துதான் பயமுறுத்தினார். ஸ்ரீநாத்துக்கு அவன் மகளை ஏற்றி இறக்கத் தெரிந்துவிட்டது, அது போதும். வைஷாலி பேரை எப்போதோ எடுத்துவிட்டேன். யாமினியும் கமலாவும் என்ன செய்தார்கள்? என்னையே நான் நியூட்டனில் மன்னித்துவிட்டேன்.

மிச்சம் சுவரில் இருக்கிறவர்.

பஸ் வாசலில் வருகிறது என்றார். பொய்யில்லை, இந்த ஊரில் வருகிறது, இன்றைக்கும் வந்தது. வராத ஊரும் உண்டு என்று அவருக்குத் தோன்றவில்லை. லைசென்ஸ் இருந்திருந்தால் போன வருஷம் அவருக்கு வைத்த தேங்காய் அடுப்புப் பக்கம் கிடந்திருக்காது. ஒவ்வொரு அமாவாசைக்கும் போவேன், அர்ச்சனை செய்வேன், மாலை மாற்றுவேன். அதில் குறை வைக்க மாட்டேன். ஆனால் அந்த 1984 ஏப்ரல் 11-க்கு மட்டும் மன்னிப்பு கிடையாது.

வாயால் சொல்லியாயிற்று. எழுதவும் செய்கிறேன், இல்லையென்று பிறகு எவரும் சொல்லக்கூடாது.

மருதப்பன்.